ரஜ்ஜு, அர்த்தாஷ்டமம், காணாமல் போன அரை மணி நேரம்

கேள்வி:

ஐயா, என் தம்பி 1981 ஐப்பசி முதல் வாரத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். விடிகாலை 6.20 என்று அப்பா 555 என்ற சின்னக் குறிப்பு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்போது செம்பனை லாரி ஓட்டுகிறான். இத்தனை வருடமாக ஒரு கல்யாணப் பேச்சும் கூடி வரவில்லை. இப்போதுதான் தெலுக் இந்தானில் ஒரு பெண் அமைந்திருக்கிறது. பெண் மூலம், தனுசு ராசி. தம்பி மகம், சிம்ம ராசி. கைப்பேசி வழியாக ஒரு ஜோசியரிடம் கேட்டோம். "கன்னி லக்னம், பன்னிரண்டில் செவ்வாய், கடுமையான தோஷம். நடப்பதும் செவ்வாய் திசை. அஷ்டமச் சனி வேறு. பெண்ணுக்கு அர்த்தாஷ்டமம். ரஜ்ஜு தட்டுகிறது, தாலி பலம் இல்லை. பெண் மூலம் நிர்மூலம்" என்று அடுக்கினார். பரிகாரத்துக்கு 1,800 ரிங்கிட் கேட்கிறார்.

தோட்டத்துக் கோயில் பெரியவர் அந்தக் காலத்தில் கையால் எழுதிய ஜாதகமும் இருக்கிறது. அதில் துலா லக்னம். ஆனால் அவர் கிழமையையே தப்பாக எழுதியிருக்கிறார். தம்பி பிறந்தது வெள்ளி, அதில் வியாழன் என்று இருக்கிறது. "உதயாதி நாழிகை 59" என்றும் ஏதோ எழுதியிருக்கிறது. எதை நம்புவது? இந்த வார்த்தைகளுக்கெல்லாம் என்ன அர்த்தம்? வருகிற ஞாயிறு சாயங்காலம் ராகு காலம் முடிந்ததும் ஆறேகாலுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருக்கிறோம். இரண்டு ஜாதகத்தின் நகலும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஓர் அக்கா, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஒரு "தப்பு"தான் பெரியவர் எழுதிய ஜாதகத்தை உங்களை ஒதுக்க வைத்திருக்கிறது. அது தப்பே இல்லை.

நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் தேதி மாறுகிறது. பஞ்சாங்கத்துக்கு அப்படி இல்லை. சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். உதயத்துக்கு ஒரு நிமிடம் முன்னால் பிறந்தாலும் அந்தப் பிள்ளை முந்தின நாள் கணக்குதான். 1981 ஐப்பசி முதல் வாரத்தில் சுங்கை சிப்புட்டில் சூரியன் உதித்தது அன்றைய கடிகாரப்படி காலை ஆறரை மணி வாக்கில். உங்கள் தம்பி 6.20-க்குப் பிறந்திருக்கிறார், அதாவது உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்னால். பிறப்புப் பத்திரத்துக்கு அது வெள்ளிக்கிழமை, பஞ்சாங்கத்துக்கு வியாழக்கிழமை. பெரியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

உதயாதி நாழிகை என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு நாளைக்கு 60 நாழிகை. வியாழக்கிழமை உதயத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், வெள்ளி உதயத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது 59 நாழிகை முடிந்து அறுபதாவது நாழிகை ஓடிக்கொண்டிருக்கும். பெரட்டு (காலை ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் காட்டுக்கு இறங்குகிற வேளை. நாளின் கடைசி நாழிகையில் பிறந்த பிள்ளை என்பதை அவர் மூன்றே சொல்லில் எழுதிவிட்டார். சூரியனை வைத்து எண்ணியவருக்கு அரசாங்கக் கடிகாரம் என்ன சொல்கிறது என்ற கவலையே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த விஷயம் இதில்தான் தொங்குகிறது.

தீபகற்ப மலேசியாவில் நம் கடிகாரம் எப்போதும் இன்றைக்கு இருப்பது போல இருந்ததில்லை. கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முந்தி என்பது 1982 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முன் ஏழரை மணி நேரம். 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை ஆனபோது முள்ளை நகர்த்திப் பன்னிரண்டாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சபா, சரவாக் நேரத்தோடு நாமும் ஒன்றாக வேண்டும் என்பதற்காக. அன்றைக்கு ஊரெல்லாம் அரை மணி நேரம் தொலைந்து போனது. (தெலுக் ஆன்சன் என்ற ஊர் தெலுக் இந்தான் ஆனதும் அதே 1982-ல்தான். பழைய ஜாதகங்களில் ஊர்ப் பெயரைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.)

கைப்பேசி ஜோசியர் அனுப்பிய அச்சு ஜாதகத்தின் அடியில் பொடி எழுத்தைப் பாருங்கள். "+8.00" என்று இருக்கிறது. உங்கள் தம்பி பிறந்த அன்று மலேசிய நேரம் +7.30. இன்றைய கடிகாரத்தை 1981-க்குக் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார்கள். அதனால் தம்பியை அரை மணி நேரம் முன்கூட்டியே பிறக்க வைத்துவிட்டார்கள். கணினி தப்புப் பண்ணாது என்று சொல்வார்கள். கணக்கில் பண்ணாது, சரிதான். கொடுத்த எண்ணே தப்பாக இருந்தால் அது என்ன செய்யும்?

இந்த அரை மணி நேரம் எதை மாற்றும், எதை மாற்றாது என்று புரிய வேண்டுமானால் லக்னம், ராசி என்ற இரண்டு சொல்லும் தெரிய வேண்டும். "லக்னம் வேற, ராசி வேற" என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் கேட்டால் விளக்க வராது.

ராசி என்ற சொல்லுக்குக் குவியல், கூட்டம் என்று பொருள். வானத்து வட்டப் பாதையைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு ராசி, 30 பாகை. பேச்சு வழக்கில் "என் ராசி சிம்மம்" என்றால், நான் பிறந்தபோது சந்திரன் சிம்மத்தில் நின்றது என்று அர்த்தம். சந்திரன் ஒரு ராசியைக் கடக்க ஏறக்குறைய இரண்டேகால் நாள் எடுக்கும். அரை மணி நேரத்தில் அது கால் பாகைதான் நகரும். அதனால்தான் இரண்டு ஜாதகத்திலும் மகம், சிம்மம் என்பது மாறவில்லை.

லக்னம் என்றால் ஒட்டியது, தொட்டுக்கொண்டிருப்பது என்று பொருள். பிறந்த நொடியில் பிறந்த ஊரின் கீழ்வானத்தை எந்த ராசி தொட்டுக்கொண்டிருந்ததோ அதுதான் லக்னம். பூமி ஒரு நாளில் ஒரு சுற்றுச் சுற்றுவதால் பன்னிரண்டு ராசியும் ஒரு நாளைக்குள் கிழக்கே எழுந்தாக வேண்டும். ஆக ஒரு லக்னத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம். சந்திரன் நிதானமாகப் போகிற ஆள், லக்னம் ஓடுகிற ஆள். அரை மணி நேரத்தில் அது ஏழெட்டுப் பாகை ஓடிவிடும். ஒரு ராசியின் ஓரத்தில் பிறந்தவராக இருந்தால் அவ்வளவு போதும், பக்கத்து ராசிக்குத் தள்ளிவிடும்.

உங்கள் தம்பி விஷயத்தில் நடந்தது அதுதான். ஐப்பசியில் சூரியன் துலாத்தில் இருக்கும். உதயத்தின்போது சூரியன் நிற்கிற ராசிதான் கீழ்வானத்தில் இருக்கும், ஆகவே உதயத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் பிறந்தவருக்குத் துலா லக்னம். நானும் +7.30 போட்டுக் கணித்துப் பார்த்தேன், துலாம்தான் வருகிறது. அரை மணி நேரம் பின்னால் தள்ளினால் கன்னி. பெரியவர் கையால் போட்டது சரி, அச்சில் வந்தது பிசகு.

சரி, இப்போது செவ்வாய். தோஷம் என்ற சொல்லைக் கேட்டதும் சாபம், பாவம் என்று நினைத்துக் கலங்குகிறோம். தோஷம் என்றால் குறை, அவ்வளவுதான். கண்ணாடியில் இருக்கிற கீறல் மாதிரி. செவ்வாய் 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் இருந்தால் அதைத் தோஷம் என்று தமிழ்நாட்டு வழக்கில் எண்ணுகிறோம். அந்த அச்சு ஜாதகத்தில் கன்னி லக்னத்திலிருந்து எண்ணினால் சிம்மத்துச் செவ்வாய் பன்னிரண்டில் வருகிறது. துலாத்திலிருந்து எண்ணினால் அதே செவ்வாய் பதினொன்றில். பதினொன்றாம் இடத்துக்கு லாப ஸ்தானம் என்று பெயர். செவ்வாய் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, நாம் எண்ண ஆரம்பித்த இடம்தான் மாறியது. இத்தனை வருடமாக எத்தனை பேர் இந்தப் பன்னிரண்டாம் இடத்துச் செவ்வாயைச் சொல்லித் தட்டிக் கழித்தார்களோ, தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு பேச்சுக்குக் கன்னி லக்னம் என்றே வைத்துக்கொண்டாலும், செவ்வாய் சிம்மத்திலோ கும்பத்திலோ இருந்தால் தோஷம் இல்லை என்பது நம் ஜோசியர்கள் வழக்கமாகச் சொல்கிற விதிவிலக்கு. சந்திரனோடு சேர்ந்திருந்தாலும் தோஷம் நீங்கும் என்பார்கள். உங்கள் தம்பிக்குச் செவ்வாயும் சந்திரனும் ஒரே சிம்மத்தில். "கடுமையான தோஷம்" என்று சொன்னவர் விதியைப் படித்திருக்கிறார், அடுத்த வரியைப் படிக்கவில்லை. 1,800 ரிங்கிட் கேட்கிறவர் இரண்டு வரி கூடப் படித்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

செவ்வாய் திசை நடப்பது உண்மைதான். ஆனால் செவ்வாய் தோஷத்துக்கும் செவ்வாய் திசைக்கும் பெயர் ஒற்றுமையைத் தவிர உறவு கிடையாது. ஒன்று இடம், மற்றொன்று காலம். தசா என்ற வடசொல்லுக்கு நிலை, பருவம் என்று பொருள். அது தமிழில் திசை ஆனதும் கிழக்கு மேற்கு ஞாபகம் வந்து குழப்புகிறது. ஒன்பது கிரகத்துக்குமாக 120 வருடத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்: கேதுவுக்கு 7, சுக்கிரனுக்கு 20, சூரியனுக்கு 6, சந்திரனுக்கு 10, செவ்வாய்க்கு 7, ராகுவுக்கு 18, குருவுக்கு 16, சனிக்கு 19, புதனுக்கு 17. மகத்தில் பிறந்தவருக்குக் கேதுவில் ஆரம்பம். ஏழு வருடமும் முழுதாகக் கிடைக்காது. பிறக்கும்போது நட்சத்திரத்தில் எவ்வளவு மிச்சமோ அந்த அளவுக்குத்தான் வருடமும் மிச்சம், அதைத்தான் திசை இருப்பு என்கிறார்கள். இரண்டு ஜாதகத்திலும் திசை முடிகிற தேதி ஒன்றரை, இரண்டு மாதம் வித்தியாசப்படுவதைக் கவனித்திருப்பீர்கள். அதுவும் அந்த அரை மணி நேரத்தின் வேலைதான். புக்தி என்றால் அந்தப் பெரிய பங்குக்குள் இருக்கிற சின்னப் பங்கு, அனுபவிப்பது என்று பொருள். இது போதும்.

சனிக்கு வருகிறேன். சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய முப்பது வருடம், ராசிக்கு இரண்டரை வருடம். அஷ்டமம் என்றால் எட்டு. உங்கள் ராசியிலிருந்து எண்ணி எட்டாவது ராசியில் சனி நடந்தால் அஷ்டமச் சனி. சிம்மத்திலிருந்து எட்டு மீனம், இப்போது சனி மீனத்தில். எனவே தம்பிக்கு அஷ்டமச் சனி நடப்பது மெய். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்குப் போனது. வாக்கியப் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் 2026 மார்ச்சில்தான் என்கிறார்கள். திருநள்ளாறு கோயிலில் வாக்கியம்தான் வழக்கம். பழைய சூத்திர வாக்கியங்களை வைத்துக் கணிப்பது வாக்கியம், வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொண்டது திருக்கணிதம். ஒரு ஜோசியர் போன வருடம் என்றும் இன்னொருவர் இந்த வருடம் என்றும் சொன்னால் யாரும் பொய் சொல்லவில்லை. இருவர் கையிலும் இருக்கிற பஞ்சாங்கம் வேறு.

தம்பிக்கு இது முதல் அஷ்டமச் சனியும் இல்லை. 1995-லிருந்து 1998 வரையிலும் சனி மீனத்தில்தான் இருந்தது. அப்போது அவர் படிவம் இரண்டு, மூன்று என்று படித்துக்கொண்டிருந்திருப்பார். அந்த வருடங்கள் எப்படிப் போயின என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். என்னிடம் வருகிற பலரிடம் கேட்டிருக்கிறேன். சிலர் "ஐயோ, அப்போதுதான்" என்பார்கள். சிலருக்கு அந்த வருடங்கள் ஞாபகத்திலேயே இல்லை.

பெண்ணுக்குச் சொன்ன அர்த்தாஷ்டமம் எனக்குப் பிடித்த சொல். இதில் வருகிற "அர்த்த" என்பது பொருளும் இல்லை, பணமும் இல்லை. அர்த்தநாரீசுவரரில் வருகிற அர்த்தம், அதாவது பாதி. எட்டில் பாதி நான்கு. ராசிக்கு நாலாவது இடத்தில் சனி வந்தால் அஷ்டமச் சனியின் பாதித் தொல்லை என்று முன்னோர் விளையாட்டாக வைத்த பெயர் போலத் தோன்றும். தனுசிலிருந்து நாலு மீனம், கணக்குச் சரி. "அர்த்தமில்லாத அஷ்டமம்" என்று பத்தாங்காலித் தோட்டத்துப் பாட்டி ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு, திருத்த மனம் வரவில்லை.

இதே மாதிரி ஏமாற்றுகிற இன்னொரு சொல் கண்டகச் சனி, அதாவது ராசிக்கு ஏழாவது இடத்தில் சனி வருவது. அதில் இருப்பது கண்டகம், முள். உயிர்க் கண்டம் இல்லை. கன்னி ராசிக்காரர்கள் இப்போது இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்கு ஓடுகிறார்கள். பரிசோதனை நல்லதுதான், காரணம்தான் தப்பு.

ரஜ்ஜுவில் கொஞ்சம் நிற்க வேண்டும். இதில் அவர் சொன்னது பாதி சரி. ரஜ்ஜு என்றால் கயிறு. கயிறு என்றதும் தாலிக்கயிறு, உடனே "தாலி பலம்". நூல் வழக்கு என்னவென்றால், 27 நட்சத்திரங்களையும் ஒரு மனித உடம்பில் ஐந்து இடமாகக் கட்டிப் பார்ப்பது: தலை, கழுத்து, வயிறு, தொடை, கால். ஆணும் பெண்ணும் ஒரே கயிற்றில் வந்தால் ரஜ்ஜு பொருந்தவில்லை என்பது விதி. அசுவினி, ஆயில்யம், மகம், கேட்டை, மூலம், ரேவதி ஆறும் பாத ரஜ்ஜு, அதாவது கால் கயிறு. மகமும் மூலமும் அதில் வந்துவிட்டன. பொருந்தவில்லை, நான் மழுப்ப மாட்டேன்.

ஆனால் எந்தக் கயிறு என்பதைப் பார்க்க வேண்டும் அல்லவா? கணவன் ஆயுளைச் சொல்வது தலைக் கயிறு, சிரோ ரஜ்ஜு. மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூன்றும்தான் அதில் வரும். கழுத்துக் கயிறு மனைவியைப் பற்றியது. கால் கயிற்றுக்கு நூல்கள் சொல்கிற பலன் அலைச்சல், ஊர் ஊராகத் திரிவது. ஐந்திலும் இலேசானது இதுதான். உங்கள் தம்பி செம்பனை லாரி ஓட்டுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அலைச்சல் கல்யாணத்துக்குக் காத்திருக்கவில்லை, முன்பே வந்துவிட்டது. கால் கயிற்றை எடுத்துக் கழுத்தில் மாட்டித் "தாலி பலம் இல்லை" என்று சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

மற்றப் பொருத்தங்களையும் எண்ணிப் பார்த்தேன். தினம் இல்லை, வசியம் இல்லை, ரஜ்ஜு இல்லை. இருவருக்கும் ஒரே கணம், இராட்சத கணம். (பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பிடிவாதக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பிடிவாதம் இருவருக்கும் இருந்தால் பொருத்தம் என்பது முன்னோர் கணக்கு. வீட்டில் உங்களுக்குத்தான் கொஞ்சம் சத்தம் கேட்கும்.) மகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி நான்கும் உண்டு. ராசி அதிபதி என்று பார்த்தால் பெண்ணுக்குக் குரு, ஆணுக்குச் சூரியன், இருவரும் நண்பர்கள். வேதையும் இல்லை. வேதை என்றால் குத்துவது, துளைப்பது, ஆகவே அது இல்லாமல் இருப்பதுதான் பொருத்தம். பத்தில் ஏழு. மோசமில்லை.

"பெண் மூலம் நிர்மூலம்" என்ற வார்த்தையால் எத்தனை பெண்கள் வயது கடந்து நிற்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம் வரும். மூலம் என்றால் வேர். வானத்தில் தேளின் வால் இருக்கிற இடம். அனுமன் பிறந்த நட்சத்திரமும் அதுவே. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று நாம் சொல்வது காது வழியாகத் திரிந்த பாடம் என்றும், "ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்" என்பதே மூலப் பாடம் என்றும் பெரியவர்கள் பலர் சொல்வார்கள். ஆனி மாதத்துப் பௌர்ணமியை ஒட்டி மூலம் வரும், அது சிறப்பு என்பது முதல் பாதிக்கு அவர்கள் தருகிற விளக்கம். எது ஆதிப் பாடமாகவும் இருக்கட்டும். நட்சத்திரத்துக்கு ஆண் பெண் பார்த்து ஓரவஞ்சனை செய்யத் தெரியாது, நமக்குத்தான் தெரியும். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது என்பதுதான் வழக்கமான பயம். உங்கள் அப்பா 555 நோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி அந்தப் பெண் யாரை என்ன செய்யப் போகிறாள்?

பரிகாரம் என்பதற்குக் குறையை விலக்குவது என்று பொருள். இல்லாத குறையை விலக்க 1,800 ரிங்கிட் வேண்டாம். அஷ்டமச் சனி மனதை உறுத்தினால் சனிக்கிழமை பக்கத்துக் கோயிலில் ஒரு எள் தீபம் ஏற்றுங்கள். இரவு ஓட்டம் ஓடுகிற லாரிக்காரர் என்றால் தூக்கத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். இதற்கு மேல் சனிக்காக என்னிடம் எதுவும் இல்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைப்பேசியில் ஜாதகம் போடும்போது 1982-க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கு நேர மண்டலம் +7.30 என்று மாற்றிக்கொள்ளுங்கள். சில செயலிகள் தாமே மாற்றிக்கொள்ளும், சில மாற்றாது. தாத்தா பாட்டி ஜாதகம் என்றால் இன்னும் சிக்கல். 1941 செப்டம்பருக்கு முன் சில வருடங்கள் +7.20 இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில், 1942 பிப்ரவரியிலிருந்து 1945 செப்டம்பர் வரை, தோக்கியோ நேரமான +9 ஓடியது. 1943-ல் காலை ஆறு மணிக்குப் பிறந்தேன் என்று ஒரு பாட்டி சொன்னால், அது அதற்கு முந்தின கடிகாரத்தில் நாலரை மணி. நல்ல இருட்டு.

கடைசியாக உங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஆறேகால் வேண்டாம்.

நாட்காட்டியில் ஞாயிறு ராகு காலம் 4.30 முதல் 6 வரை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துத்தான் ஆறேகால் என்று வைத்திருக்கிறீர்கள். அந்த நேரம் காலை ஆறு மணிக்குச் சூரியன் உதித்து மாலை ஆறு மணிக்கு மறைகிற ஊருக்கு எழுதியது. உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை பகலை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பங்கை ராகுவுக்கு ஒதுக்கினார்கள். "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். திங்களுக்கு இரண்டாம் பங்கு, சனிக்கு மூன்றாம் பங்கு என்று போய் ஞாயிறுக்குக் கடைசிப் பங்கு. நமக்கு இன்றைய கடிகாரத்தில் உதயம் ஏழு மணிக்கு மேல், அஸ்தமனமும் பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல். நம் ஊரில் உச்சி வெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒன்றேகால் வாக்கில். நிழல் காலடிக்குள் சுருங்குகிற நேரத்தை ஒருநாள் பாருங்கள். ஆகவே அச்சிட்ட நேரத்தோடு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஞாயிறு ராகு காலம் இங்கே 5.45 முதல் 7.15 வரை. நீங்கள் ராகு காலத்தைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து அதன் நடுவில் போய் உட்காரப் பார்த்தீர்கள்.

நட்சத்திரம், திதி முடிகிற நேரத்துக்கு இந்தக் கணக்கு ஆகாது. அது வானத்தில் நடப்பது, எல்லா ஊருக்கும் ஒரே கணம். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் இருக்கிற நேரத்தோடு இரண்டரை மணி நேரம் கூட்டினால் நம் நேரம் வந்துவிடும். ராகு காலம், எமகண்டம், குளிகை மூன்றும் அந்தந்த ஊர்ச் சூரியனைப் பொறுத்தவை.

ஞாயிறு காலை பத்தரை மணிக்குப் பெண் வீட்டில் இருக்கிற மாதிரிப் புறப்படுங்கள். எமகண்டம் ஒன்றேகாலுக்குத்தான் ஆரம்பம், அதற்குள் சாப்பாடே ஆகிவிடும். அவர்கள் வீட்டிலும் யாராவது கன்னி லக்னம், பன்னிரண்டில் செவ்வாய் என்று சொல்லி வைத்திருக்கலாம். பெரியவர் எழுதிய அந்த ஏட்டையும் அப்பாவின் 555 நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். நகலில் பார்த்தேன், மடிப்பில் கிழிய ஆரம்பித்திருக்கிறது.